மேசையில் இரண்டு ஊசித்தலைகள்

அன்று அந்த அறைக்குள் இருந்தவர்களை முதலில் சொல்கிறேன். நான். என் அக்கா, வீடு அவருடையது. பாரிசிலிருந்து வந்திருந்த மச்சான், என் மனைவியின் தம்பி. நெடுந்தீவு இறங்குதுறைக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்துகிற அண்ணை. நான்கு பேர். மனைவி செத்து அப்போது ஏழு வருடம்.

மேசையில் பிளேயர் இருந்தது. பெட்டி மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற பிளேயர். மூடிக்குள்ளேயே ஸ்பீக்கர். ஆறு ரோச் பற்றறியில் ஓடும். பக்கத்தில் ஒரு றெக்கோட். அதற்குப் பக்கத்தில் இரண்டு ஊசித்தலைகள். பாட்டைத் தட்டிலிருந்து எடுக்கிற சாமான் அது. ஊசி அதன் நுனியில் இருக்கும். ஒன்று பாரிசிலிருந்து வந்தது. மற்றது வேலணையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவரிடம் கிடந்தது. இரண்டில் ஒன்றைப் பூட்ட வேண்டும். அதற்குத்தான் நாலு பேரும் இருந்தோம்.

றெக்கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலியாணத்துக்கு முன் மனைவி கரம்பொன்னில் கோயில் பாட்டுக்குழுவில் இருந்தவள். சுவாமியார் ஒருவர் குழுவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு பாட்டை றெக்கோட் பண்ணுவித்தார். இரண்டாம் பக்கம், நாலாவது பாட்டு. அதில் ஒரு சரணம் அவள் தனியாகப் பாடுவாள். நாலு அடி. மூன்றாவது அடியில் ஒரு சொல்லுக்கு நடுவில் மூச்சு வாங்குவாள். வாங்கக் கூடாத இடம். சுவாமியார் எத்தனையோ தரம் திருத்திப் பார்த்தாராம். சரிவரவில்லை. தட்டிலும் அப்படியே விழுந்துவிட்டது.

நான் சங்கு குளிக்கிறவன். மூச்சுப் பிடிக்கிறது என் தொழில். கலியாணம் முடித்த புதிதில் அவளைச் சீண்டுவேன்.

"ஒரு வரிக்கே மூச்சுக் காணாது. நீ என்னெண்டு பாட்டுக்காரி?"

"நீங்கள் பிடிச்சு வைச்ச மூச்சிலை என்ன பாட்டுப் பாடினனீங்கள்? தண்ணிக்குள்ளை ஒருக்கா வாயைத் திறந்து பாடிப் பாருங்கோவன்."

அந்த வருடச் சங்குக் காசில்தான் பிளேயரை வாங்கினேன். அவள் வேலை செய்யும்போது அதைப் போடுவாள். மூன்றாவது அடி வரும்போது குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். நான் மூக்கைப் பொத்திக் காட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் விளையாட்டு.

பிள்ளைகள் இல்லை.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்தோம். பிளேயரையும் றெக்கோட்டையும் அதற்கு முந்தின மாதம் அக்கா இரவல் வாங்கி நெடுந்தீவுக்குக் கொண்டு போயிருந்தார். அதனால் தப்பியது. எங்கள் வீட்டில் கதவு நிலைகூட மிஞ்சவில்லை. நாங்கள் ஊர் ஊராகப் போய்க் கடைசியில் வன்னிக்குப் போனோம். அங்கே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நடுக்கமும் வியர்வையுமாக ஒன்பது நாள். பத்தாம் நாள் இல்லை. என்னிடம் அவளுடைய படம் ஒன்று இருந்தது, அடையாள அட்டையில். அதில் அவள் அவள் மாதிரி இல்லை.

அடுத்த வருடம் தனியாக நெடுந்தீவுக்கு வந்தேன். அக்காவின் வீட்டுப் படியில் பையை வைத்துவிட்டு முதலில் பிளேயரைக் கேட்டேன். அக்கா துணி சுற்றி அலுமாரியில் வைத்திருந்தார். பற்றறி போட்டேன். தட்டுச் சுற்றியது. ஊசியை வைத்தேன். சத்தம் வரவில்லை.

ரேடியோ அண்ணையிடம் கொண்டு போனேன். அவர் ஊசித்தலையைக் கழற்றித் தட்டினார். வெள்ளையாக, ஈரமாக ஏதோ மேசையில் விழுந்தது.

"உள்ளுக்கை ஒரு உப்புக்கட்டி மாதிரி இருக்கும். ஊசி அசைய அதுதான் பாட்டைச் சொல்லுறது," என்றார். "உப்புக்காத்திலை கரைஞ்சு போச்சு."

"வேறை போட ஏலாதோ?"

"எங்கை எடுக்கிறது? ரோச் பற்றறிக்கே நாயா அலையிறம். நீர் ஊசித்தலை கேக்கிறீர்."

ஆறு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். நயினாதீவுக்குத் திருவிழாவுக்கு வருகிறவர்களிடம் கேட்டேன். கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொன்னேன். ஒருவர் தையல் மெசின் ஊசி கொண்டு வந்து தந்தார். நன்றி சொல்லி வாங்கினேன்.

இனி என் காது.

நாங்கள் ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் வள்ளத்தில் இருக்கிற பால்மா ரின்னுக்குள் ஒரு சங்கு மூடியைப் போடுவோம். சங்கின் வாயை அடைத்திருக்கிற சின்ன ஓடு அது, நகம் மாதிரி. எத்தனை தரம் இறங்கினோம் என்று தலை மறந்தாலும் ரின் மறக்காது. என் அப்புவின் கணக்கு நாற்பது. ஒரு நாளில் நாற்பதுக்கு மேல் இறங்கினால் காது போகும் என்பார். அவர் நாற்பதோடு ஏறிவிடுவார், கீழே சங்கு கண்ணுக்குத் தெரிந்தாலும்.

பாதை திறந்து சமாதான காலம் வந்தது. கடலுக்குப் போக முன்னைப்போல் தடை இல்லை. சங்குக்கு விலை. நான் நாற்பதோடு நிற்கவில்லை. ஒரு நாள் ஆறு பாக ஆழத்தில் இடது காது வெடித்தது. பிறகு வலதிலும் சீழ் வந்தது. யாழ்ப்பாணத்தில் டொக்டர் இரண்டு காதையும் பார்த்தார். இடது முடிந்தது, வலதில் சவ்வு கிழிந்திருக்கிறது என்றார். உள்ளுக்கும் போய்க்கொண்டிருக்கிறது, எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது, இனிச் சங்கு குளிக்கக் கூடாது என்றார். எல்லாவற்றையும் வலது காதுக்குள் கத்தித்தான் சொன்னார். வெளியே வரிசையில் இருந்த சனமும் கேட்டிருக்கும்.

அன்று வள்ளத்தில் திரும்பி வரும்போது இயந்திரச் சத்தம் பஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அவளுடைய குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. முகம் வந்தது, நடை வந்தது, குரல் வரவில்லை. எனக்குப் பயம் வந்தது. கடலில் எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை.

பாரிசில் இருந்த மச்சானுக்குக் கடிதம் போட்டேன். கரைந்துபோன ஊசித்தலையைக் கடுதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். இந்த அளவில் ஒன்று வேண்டும் என்று எழுதினேன். காதைப் பற்றி எழுதவில்லை.

கடிதம் போட்டு ஐந்தாம் மாதம் அவனே கொண்டு வந்தான். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு வருகிறான். சின்னப் பெட்டி, அதற்குள் பஞ்சு, அதற்குள் ஊசித்தலை. கம்மல் மாதிரி மின்னியது. அப்போதுதான் நாலு பேரும் அறைக்குள் இருந்தோம். என் காது மந்தம் என்று வந்த அன்றே அவனுக்கு விளங்கிவிட்டது; எல்லாரும் என் வலது பக்கம் கத்தித்தான் கதைத்தார்கள்.

ரேடியோ அண்ணை கண்ணில் வாச்சுக்காரர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"உது திறம் சாமான்," என்றார். "திறம் எண்டபடியால்தான் உதவாது."

மச்சானுக்கு முகம் மாறியது. "என்னண்ணை சொல்லுறியள்? கடைக்காரன் தன்னட்டை இருக்கிறதிலை நல்லது எண்டு தந்தவன்."

"அவன் பொய் சொல்லேல்லைத் தம்பி. உது சன்னமாக் கதைக்கும். உதைக் கேக்கிறதுக்கு வேறை மெசின் வேணும். உந்தப் பெட்டி பெரிய தொண்டைக்காரருக்குச் செய்தது. எங்கடை வள்ளக்காரச் சம்மாட்டியார் கரையிலை நிண்டு கத்துறமாதிரிக் கத்தினால்தான் உதுக்கு விளங்கும்."

என்றாலும் பூட்டிப் பார்த்தார். தட்டுச் சுற்றியது. அக்கா ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தார்.

"என்ன கேக்குது?" என்றான் மச்சான்.

"தூரத்திலை ஒரு செத்தவீட்டிலை நுளம்பு அழுகிறமாதிரிக் கிடக்கு," என்றார் அக்கா.

அண்ணை அதைக் கழற்றிப் பஞ்சுக்குள் வைத்தார். மற்றதை எடுத்தார். வேலணைக்காரர் அந்தக் காலத்தில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் பாட்டுப் போட்டது. கையில் வைத்தால் பாரம் தெரிந்தது.

"உது உப்பு இல்லை, பீங்கான் மாதிரி. கரையாது. சத்தமும் நல்லாக் குடுக்கும். ஆனா ஊசி தேய்ஞ்சு உளி மாதிரி நிக்குது. பாடப் பாடத் தட்டை வெட்டும்."

"எவ்வளவு வெட்டும்?" என்றேன்.

"ஒருக்காப் போட்டால் ஒண்டும் தெரியாது. பத்துத் தரம் போட்டால் தெரியும். பேந்து நீர் அழுதுகொண்டு என்னட்டை வரக்கூடாது."

மச்சான் றெக்கோட்டைக் கையில் எடுத்தான். ஓரத்தில் மட்டும் பிடித்தான். "அத்தான், இதை நான் கொண்டு போறன். அங்கை ஒரு கடையிலை குடுத்தால் வடிவா எடுத்துச் சீடியிலை போட்டுத் தருவாங்கள். உங்களுக்கும் ஒண்டு அனுப்புவன். என்ரை பிள்ளையள் ரெண்டும் மாமியின்ரை குரலை ஒருநாளும் கேக்கேல்லை. எனக்கே மறந்து போச்சு."

"எவ்வளவு நாள் செல்லும்?"

"ரெண்டு மாதம். கூடினால் மூண்டு."

அவன் சொன்னது நியாயம். அவள் எனக்கு மனைவியாகுமுன் அவனுக்கு அக்கா. எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு மூன்று மாதம் இருக்கிறதா என்று டொக்டருக்கே தெரியாது.

"ஒருக்காப் போடுவம்," என்றேன். "உதிலை." பாரமானதைக் காட்டினேன்.

அக்கா மச்சானைப் பார்த்துச் சொன்னார். "அவன் ஒருக்காக் கேக்கட்டும் தம்பி. நீயும் கேள். பேந்து கொண்டு போ."

மச்சான் என் வலது பக்கம் வந்து கத்தினான். "ஒருக்காத்தான் அத்தான். பேந்து தொடக்கூடாது. சரியோ?"

"ஓம்."

"சத்தியமா?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

அண்ணை பூட்டினார். இரண்டாம் பக்கம், நாலாவது பாட்டில் ஊசியை வைத்தார். நான் ஸ்பீக்கருக்கு முன்னால் கதிரையைப் போட்டு வலது காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

ஏதோ மொய்த்தது. பாட்டு என்று தெரியவில்லை. காற்றா பாட்டா என்று தெரியவில்லை. நான் அவர்களைப் பார்த்தேன். அக்கா சீலைத் தலைப்பை வாயில் வைத்தார். அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். அவள் பாடத் தொடங்கிவிட்டாள் என்று விளங்கியது. மச்சான் குனிந்திருந்தான். திடீரென்று நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். கண்ணில் தண்ணீர்.

மூன்றாவது அடி. அந்த மூச்சு வந்து போய்விட்டது.

நானும் சிரித்தேன். மூக்கைப் பொத்திக் காட்டினேன்.

"கேட்டதோ?" என்று அண்ணை என் காதுக்குள் கேட்டார்.

"ஓம்," என்றேன்.

அங்கேதான் பிழை விட்டேன். கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருப்பார்கள். நல்ல மனிசர். ஆனால் அவன் அப்படிச் சிரித்துக்கொண்டு பார்க்கும்போது எனக்குச் சொல்ல வரவில்லை.

அடுத்த நாள் மச்சான் காரைநகருக்குப் போனான். அவனுடைய மனைவியின் ஆட்கள் அங்கே. மூன்று நாள் நின்றுவிட்டு வருவேன், வந்து றெக்கோட்டை எடுத்துக்கொண்டு போவேன் என்றான். மழை பெய்துகொண்டிருந்தது. வள்ளத்தில் நனையும் என்று வைத்துவிட்டுப் போனான். ஊசித்தலையை ஒருவரும் கழற்றவில்லை. எனக்குக் கழற்றத் தெரியும். நானும் கழற்றவில்லை.

அக்கா காலைப் பூசைக்குப் போனார். நான் பிளேயருக்கு முன்னால் இருந்தேன். அப்பு ஞாபகம் வந்தார். கத்தாளை மீன் உறுமும். கூட்டமாக வந்தால் உறுமல் தண்ணீருக்குள்ளால் வரும். அப்பு சவள் துடுப்பின் அகலப் பக்கத்தைக் கடலுக்குள் விட்டு, பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு இருப்பார். காதால் கேட்காதது எலும்பால் கேட்கும் என்பார். சின்னனில் நானும் கடித்துக் கேட்டிருக்கிறேன்.

குசினியில் அகப்பை இருந்தது. ஒரு முனையை ஸ்பீக்கர் துணிக்கு மேல் ஊன்றினேன். மறு முனையைக் கடித்தேன். ஊசியை வைத்தேன்.

அவள் என் தலைக்குள் பாடினாள்.

எப்படி என்று எழுத எனக்குத் தெரியாது. முதல் அடி. இரண்டாவது அடி. மூன்றாவதில் மூச்சு வாங்கினாள். பல்லில் விழுந்தது. குசினியிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி விழுந்தது. நான் அகப்பையைக் கடித்தபடி இருந்தேன். வாயெல்லாம் எச்சில். பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்கிவிட்டது.

மூலையில் சங்கு குளிக்கும் சாமான்கள் கிடந்தன. முகக்கண்ணாடி, கைவலை, பால்மா ரின். ரின்னில் கிடந்த சங்கு மூடிகளை வெளியே கொட்டிவிட்டு, ஒன்றைத் திரும்ப உள்ளே போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியாது. எண்ணினால் நிறுத்தலாம் என்று நினைத்திருப்பேன்.

பிறகு பாட்டைத் திரும்பப் போட்டேன். இன்னொரு மூடி.

ஐந்தாவது தரத்தில் ஊசி ஓரிடத்தில் பாய்ந்தது. அதுவும் மூன்றாவது அடியில். மூச்சைத் தாண்டிப் போனது. ஏழாவதிலும் பாய்ந்தது. வலை மேலே மிதந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஈயம் கூட்டுவோம். வலைத் துண்டு ஒன்றிலிருந்து ஒரு ஈயக்குண்டைக் கழற்றி, நூலால் ஊசித்தலைக்கு மேல் கட்டினேன். பாயவில்லை. நல்லாக இருந்தது. எனக்குச் சந்தோசம்.

பத்தாவது தரத்தில் மூச்சு மங்கலாகக் கேட்டது. பன்னிரண்டில் இல்லை. பாட்டு இருந்தது, குரல் இருந்தது, மூச்சு இல்லை. அந்த இடத்தில் சரசரவென்று மணல் அரைகிற சத்தம். ஊசி அடியில் போய் முட்டவில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். இரண்டாவது ஈயத்தைக் கட்டினேன். மூச்சு வரவில்லை. மூன்றாவதைக் கட்டினேன். ஊசி நுனியில் கறுப்பாகத் தூள் சேர்ந்தது. ஊதிவிட்டுப் போட்டேன்.

அது தட்டின் தூள் என்று எனக்கு விளங்கவில்லையா? விளங்கியது. ஆனால் அடுத்த முறை வரும் என்று இருந்தது. ஒரு சங்குகூட இல்லாமல் ஏறுகிறவன் அடுத்த முறை இருக்கும் என்றுதான் இறங்குவான்.

இரண்டாம் நாள் அக்கா கண்டுவிட்டார். பின்னால் வந்து தோளில் அடித்தார்.

"என்னடா அகப்பையைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? விசரே பிடிச்சிட்டுது?"

அகப்பையை எடுத்தேன். "அண்டைக்கு எனக்குக் கேக்கேல்லை அக்கா."

"என்ன கேக்கேல்லை?"

"ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் எல்லாரும் கேட்டியள். எனக்குக் கேக்கேல்லை."

அக்கா நின்றார். ஈயத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அன்று மீன் குழம்பைத் தேங்காய்ச் சிரட்டையால் துழாவினார். அகப்பையைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் குரல் ஆணா பெண்ணா என்று தெரியாமல் போனது. நான் நிறுத்தவில்லை. எனக்கு மட்டும் அது அவள் என்று தெரியும், அது போதும் என்று போட்டேன். பிறகு எனக்கும் தெரியவில்லை. என் காது போய்விட்டதா தட்டுப் போய்விட்டதா என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்காகவும் போட்டேன்.

மச்சான் பின்னேர வள்ளத்தில் வந்தான். கையில் காட்போட் மட்டையும் பஞ்சும். றெக்கோட்டைப் பொதி பண்ணக் கொண்டு வந்திருந்தான். சேட்டு நனைந்திருந்தது, மட்டை நனையவில்லை. நெஞ்சுக்குள் வைத்துக் கொண்டு வந்திருக்கிறான்.

பிளேயரைத் திறந்தான். ஊசித்தலையில் மூன்று ஈயம். தட்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். மற்றப் பாட்டெல்லாம் கறுப்பாக மினுங்கின. நாலாவது பாட்டு சாம்பல் நிறம். நகத்தால் தடவினான்.

நூலை அறுத்து ஈயத்தை எடுத்தான். தட்டை வைத்து ஊசியை விட்டான். அக்கா வாசலில் நின்றார். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சரணம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. சட்டியில் எண்ணெய் பொரிகிற மாதிரி இருந்தது, வேறொன்றும் இல்லை என்று அக்கா பிறகு சொன்னார்.

அவன் என் வலது காதுக்குக் கிட்ட வந்தான்.

"எத்தனை தரம் அத்தான்?"

நான் மேசையில் கிடந்த ஈயங்களைப் பார்த்தேன்.

"எத்தனை தரம் போட்டனீங்கள்? ஒருக்கா எண்டுதானே சொன்னனீங்கள்?"

எழும்பிப் போய் மூலையிலிருந்த ரின்னை எடுத்து வந்து அவனுக்கு முன்னால் வைத்தேன். அவன் சங்குக் குடும்பம் இல்லை. அது என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. அக்கா வாசலிலிருந்து சொல்லியிருப்பார், எனக்குக் கேட்கவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான், பிறகு ரின்னை மேசையில் கவிழ்த்தான். எண்ணத் தொடங்கினான். ஐந்து ஐந்தாக வரிசை வைத்தான். ஒரு வரிசை பிழைத்துவிட்டது. முழுவதையும் குவித்து, கண்ணைத் துடைத்து, முதலிலிருந்து எண்ணினான்.

முடிந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னான். கத்தவில்லை. உதட்டைப் பார்த்து விளங்கிக்கொண்டேன்.

நாற்பத்து மூன்று.